யாருக்கான வீடு என்று கேட்கவில்லை

பழைய வீடு வாங்குகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். தருமபுரியில் பல வருடம் வீடு கட்டிக்கொடுத்தேன். முட்டி தேய்ந்து சாரம் ஏற முடியாமல் போனபின் இதற்கு வந்தேன். வருகிறவர்களிடம் மூன்று விதமான சோதனை இருக்கிறது என்பேன். சுவர், கூரை, தரையைக் கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்துச் சொல்வது ஒன்று. அரை நாள் வேலை. விரிசல், ஒழுகல் என்று ஒரே ஒரு குறையை மட்டும் ஆராய்வது இன்னொன்று. மூன்றாவது முழுச் சோதனை. கான்கிரீட்டின் பலம், சுவரின் ஈரம், வயரிங், குழாய், செப்டிக் டேங்க் வரை கருவி வைத்துப் பார்த்து, போட்டோக்களோடு ரிப்போர்ட் கொடுப்பேன்.

எது யாருக்குப் பொருந்தும் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. மலையடிவாரத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, மெடிக்கல் காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்டேன்.

"அவரு சேலத்துல இருக்காருங்க சார்."

வேலைக்குப் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று சோதனைகளையும் விளக்கினேன். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு எது சரியா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க சார். இருந்த நெலத்த வித்துட்டு வாங்கறோம். அப்பறம் மாத்திக்க முடியாதுங்க."

"அப்படின்னா முழுசாப் பாத்துடறதுதான்ம்மா நல்லது."

உடனே தலையாட்டினார். முழுச் சோதனை என்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன் என்று அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதால் வீட்டை நல்ல உயரத்தில் கட்டியிருந்தார்கள். வாசலில் ஐந்து படி. கடைசிப் படியை ஒட்டியே சாக்கடை. மாடியில் தண்ணீர் கட்டி வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தேன். தூண்களைச் சோதித்தேன். ஒவ்வொரு டைல்ஸையும் தட்டினேன். நல்ல வீடு. கட்டிய மேஸ்திரி யாரோ, கை சுத்தமானவன்.

இரண்டாம் நாள் அந்தம்மாவும் வந்தார். படிகளுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "பாத்ரூம் செவுத்துல கம்பி அடிச்சா தாங்குங்களா? புடிச்சிக்கிட்டு நிக்கற மாதிரி," என்றார். "தாராளமாத் தாங்கும்மா, ஒம்பது இஞ்சு செவுரு," என்றேன். மாமியாருக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ரிப்போர்ட் தடியாக வந்தது. குளியலறையைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: கதவு அகலம் இரண்டு அடி, நிலை உறுதியாக உள்ளது, கரையான் இல்லை. தயங்காமல் வாங்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே பத்திரம் பதிந்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து போன் வந்தது. "சார், பாத்ரூம் கதவக் கொஞ்சம் பெருசாக்க முடியுங்களா?"

அன்று மத்தியானமே போனேன். ஹாலில் கட்டில் போட்டு, சேலையால் ஒரு திரை கட்டியிருந்தது. திரையை விலக்கியபோது ஒருவர் படுத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தோள் அகலமான ஆள். இடுப்புக்குக் கீழே போர்வைக்குள் கால்கள் அசைவில்லாமல் கிடந்தன. சுவரோரம் ஒரு சக்கர நாற்காலி மடித்து வைத்திருந்தது.

நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அந்தம்மா சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்காரர் லாரி டிரைவர். புளி மூட்டை ஏற்றும்போது மேலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டது. வீடு பார்த்த சமயத்தில் சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் பயிற்சிக்குக் கூட்டிப் போக வசதியாக இருக்கும் என்றுதான் மெடிக்கல் காலேஜ் பக்கம் வீடு தேடினார்கள்.

"அன்னிக்கே ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அவர் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆறு மாசத்துல நடந்தாலும் நடப்பாருன்னு டாக்டரு சொல்லியிருந்தாருங்க. சக்கர நாக்காலி போற மாதிரி வூடு வேணும்னு என் வாயால சொல்லிட்டா, இனிமே அவரு நடக்க மாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பயந்துட்டேன் சார். கம்பியப் புடிச்சிக்கிட்டு நிப்பாருன்னுதான் நெனச்சேன்."

டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தேன். இரண்டேகால் அடி. கதவின் ஒரு பக்கம் மாடிப்படியைத் தாங்கும் தூண். இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர். அந்தக் கதவைப் பெரிதாக்க முடியாது. ஆக்கினாலும் உள்ளே நாற்காலி திரும்ப இடமில்லை. வாசலில் சரிவுப் பாதை போடலாமா என்று பார்த்தேன். அந்த உயரத்துக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் வரை போட்டால்தான் ஆள் தள்ள முடியும். முதல் மாதம் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு அவர்களுக்கும் வேலைவெட்டி. ஒருநாள் பலகை போட்டு இறக்கப் பார்த்தபோது நாற்காலி சறுக்கி அவர் சாக்கடையில் விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார். ஆஸ்பத்திரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பயிற்சி நின்றுபோயிருந்தது.

"என்ன சார், முடியுமா?" என்று கட்டிலிலிருந்து அவர் கேட்டார்.

"கதவப் பெருசாக்க முடியாதுங்க. படுக்கை ரூம்ல ஒரு மூலையத் தடுத்துப் புதுசா பாத்ரூம் கட்டித் தரேன். செலவு என்னோடது."

அவர் சிரித்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இந்த வூட்ட ரெண்டு நாள் அளந்தீங்களாமே சார். கட்டுனதுல ஒரு குறையும் சொல்ல முடியாத வூடுன்னு இவ சொல்லிச் சொல்லி சந்தோசப்பட்டா. நானும் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அந்த ரிப்போட்ட ரெண்டு தடவ படிச்சேன். எனக்கும் தோணல பாருங்க."

சிமெண்ட் தூசியில் அவரை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. கொஞ்ச நாள் வேறெங்காவது தங்கட்டும் என்றால், போக இடமில்லை. ஊரில் இருந்த வீடும் நிலத்தோடு போய்விட்டது. அந்தம்மாவின் தம்பி வீட்டில் ஒரே அறை. மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதற்குள் படுத்தே கிடந்த முதுகில் புண் வந்துவிட்டது. அது உள்ளே ஆழமாகப் போய், காய்ச்சல் கண்டு, மறுபடி ஆஸ்பத்திரி. அவர் அங்கே இருந்த நாட்களில் நான் ஆள் வைத்து பாத்ரூமைக் கட்டி முடித்தேன். மூன்றரை அடிக் கதவு. உள்ளே நாற்காலி முழுவட்டம் சுற்றலாம். கம்பிகளை நானே அடித்தேன்.

அவர் திரும்பி வந்தார். புண் ஆறும்வரை உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புண் ஆறவில்லை. அடுத்த மூன்று முறை நான் போனபோதும் அவர் குப்புறப் படுத்திருந்தார். முகம் சுவர்ப் பக்கம். "சார் வந்திருக்காருங்க," என்று அந்தம்மா சொன்னார். அவர் திரும்பவில்லை. புது பாத்ரூமில் கயிறு கட்டி அந்தம்மா அவருடைய துணிகளைக் காயப்போட்டிருந்தார். தரை ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர், அதெல்லாம் உனக்கெதற்கு என்பதுபோலப் பார்க்கிறார்கள். எனக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

கடைசியாகப் போனபோது அந்தம்மா தெருமுனை வரை கூட வந்தார். "இத வித்துடலாம்னு பாக்கறேன் சார். தரையோட தரையா ஒரு வாடகை வூடு கெடைக்குமா பாருங்க. கட்டிலோட வெளிய தூக்கி வெச்சா வெளிச்சத்தயாவது பாப்பாரு."

தெரிந்த புரோக்கர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். மூன்று வீடு வந்தது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்றதும் மூன்றும் போய்விட்டது. மறைத்துச் சொல்லுங்கள் என்று ஒரு புரோக்கர் யோசனை சொன்னார். என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தம்மா எனக்குப் போன் செய்வார். வீடு கிடைத்ததா என்று கேட்பார். முதலில் எடுத்து, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் எடுக்கவில்லை. இந்த வாரமும் மேசைமேல் போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.