ஸ்டாண்ட் இல்லாத சைக்கிள்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிடற ஆளு நான். கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனில குவாலிட்டி செக்கிங் பண்றேன், அளந்து பாக்காம எதையும் ஒத்துக்க மாட்டேன். நீங்க சிரிக்கப் போறீங்கன்னு தெரியும், முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

ஒரகடத்துல ஒரு ஃபேக்டரில மூணு நாள் டிரெய்னிங்னு அனுப்புனாங்க. திங்கக்கிழமை கிளாஸ், நான் ஞாயித்துக்கிழமையே வந்து சுங்குவார்சத்திரத்துல லாட்ஜ் போட்டுட்டேன். கல்யாணத்துக்கப்புறம் தனியா வந்த மொத ஊரு, குஷின்னா அப்படி ஒரு குஷி! தொழிற்பேட்டைப் பக்கம் ஏரியை ஒட்டிப் பெரிய பூங்கா இருக்கு, சைக்கிள் வாடகைக்குத் தர்றாங்கன்னு சொன்னாங்க, மத்தியானம் மூணு மணிக்கே கிளம்பிட்டேன்.

"ஸ்டாண்ட் ஒடைஞ்சு பூட்ச்சும்மா, எறங்குனா மரத்துல சாச்சு வெச்சுக்கோ"ன்னு சொல்லித்தான் கடைக்காரர் சைக்கிளைக் குடுத்தார். ஊர்ல என் பொண்ணு, ஏழு வயசு, பார்க் முழுக்க வீடியோ எடுக்கணும்னு சத்தியம் வாங்கியிருந்தா. போனை ரப்பர் பேண்ட் போட்டு ஹேண்டில்பார்ல கட்டி, வீடியோவ ஆன் பண்ணிட்டு மிதிச்சேன் பாருங்க, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ஆயிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல போறார். சாம்பல் யூனிஃபார்ம், மஞ்சள் தொப்பி. குறுக்குப் பாதை வந்தா இறங்கி, ஸ்டாண்டை டக்குனு போட்டு, வலப்பக்கம் விரலை நீட்டறார், இடப்பக்கம் நீட்டறார், நேரா நீட்டறார், அப்புறம் ஏறிப் போறார். ஆளே இல்லாத இடத்துல யாருக்கு இந்தக் கூத்து? எனக்குச் சிரிப்புத் தாங்கல. ரெண்டாவது குறுக்குப் பாதையில நானும் ஒரு கால ஊனிக்கிட்டு அதே மாதிரி செஞ்சு பாத்தேன். "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க"ன்னு கத்துனேன், திரும்பவே இல்ல. எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் நடுவுல இருக்கற தூரம் மட்டும் குறையல, எனக்கும் விடக்கூடாதுன்னு வெறி வந்துருச்சு.

மூணாவதும் தாண்டி ஏரிக்கரை இறக்கம். சைக்கிள் பறக்குது. அங்க குறுக்குப் பாதையே கிடையாது, ரெண்டு பக்கமும் புதர்தான், ஆனா அவர் இறங்கி ஸ்டாண்டைப் போட்டார். வலது, இடது, நேரா. அப்புறம் மொத தடவையாத் திரும்பி என்னை நோக்கி விரலை நீட்டுனார், நீட்டுன கைய எறக்கவே இல்ல. ஏன் பிடிச்சேன்னு தெரியல, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுட்டேன்.

நம்புனா நம்புங்க, சக்கரம் நிக்கறதுக்குள்ள வலப்பக்கப் புதரைப் பொளந்துட்டு ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ்ல வந்து, எனக்கு ஒரு கை தூரத்துல பாதையைக் குறுக்கா அடைச்சு நின்னுச்சு!

டிரைவர் குதிச்சு ஓடி வந்தார். "இன்னாமா நீ! நான் உன்னப் பாக்கவேல்லமா, எப்படி கரெக்டா நின்ன?"

"முன்னாடி போன அண்ணன் கை காட்டுனாருங்க."

"எந்த அண்ணன்? மத்தியானத்துலேந்து செடிக்குத் தண்ணி வுட்டுக்கினு இங்கதான் கீறேன், ஒருத்தரும் வர்லியே."

லாரியைச் சுத்திப் போய்ப் பாத்தேன். யாரும் இல்ல. என் பொண்ணு மூஞ்சி ஞாபகம் வந்து அங்கயே உக்காந்து ஓன்னு அழுதேன்.

மறுநாள் கிளாஸ்ல சூப்பர்வைசர் மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதைத்தான். ஃபேக்டரிக்குள்ள எந்தப் பாதையைக் கடந்தாலும் நின்னு, வலது, இடது, நேரா விரல் நீட்டிப் பாக்கணுமாம். "இங்க வேலை பாக்கறவங்க பழக்க தோஷத்துல காய்கறி மார்க்கெட்லகூட நீட்டிருவாங்க"ன்னார், எல்லாரும் சிரிச்சாங்க. நான் கையத் தூக்குனேன்.

"பின்னாடி நீட்ட வேண்டாமா சார்?"ன்னு கேட்டேன்.

"பின்னாடி எதுக்கும்மா? வர்றவங்க அவங்கவங்க பாத்துப்பாங்க."

வீடியோவைப் பத்துத் தடவை பாத்திருப்பேன். பாதை காலியாத்தான் இருக்கு. நான் கத்தறது, சிரிக்கறது, லாரி வர்றது, அவ்வளவுதான். வெயில்ல கண்ணு ஏமாத்தியிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு, ஊருக்குப் போனதும் பொண்ணுகிட்டக் காட்டுனேன். அவ பாத்துட்டு, "ஏம்மா நீ சும்மா சும்மா ஸ்டாண்ட் போடற?"ன்னு கேட்டா.

சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேட்டேன். மூணு குறுக்குப் பாதையிலயும், தூரத்துல, டக். நாலாவது டக், நான் பிரேக் பிடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, போனுக்குப் பக்கத்துலயே கேக்குது.