பின்கண்ணாடியும் பதினான்காம் பக்கமும்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை 9.50 மணிக்கு, பின்கண்ணாடி உடைந்த வெள்ளைக் கார் ஒன்று பணிமனைக்குள் வந்தது. உரிமையாளர், கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்தும் பெண்மணி. 11.30 மணிக்குப் புதிய கண்ணாடி பொருத்தி முடிக்கப்பட்டது. பொருத்தியவர் என் அம்மாவின் தங்கை. 12.20 மணிக்குக் கார் வாசலைக் கடந்து வெளியே போனது. 12.50 மணிக்கு, கண் மருத்துவமனையை அடுத்த வேகத்தடையில், அந்தக் கண்ணாடி கழன்று சாலையில் விழுந்து நொறுங்கியது. எவருக்கும் காயமில்லை.

இவ்வளவும் நடந்தவை. நடக்காத ஒன்றும் இதே நாளின் பெயரில் ஒரு தாளில் எழுதப்பட்டது. அந்தத் தாளில் கையெழுத்திடச் சொல்லித்தான் சித்தியை இரண்டு வாரம் வதைத்தார்கள்.

சித்தி இருபத்து நான்கு வயதில் அந்தப் பணிமனையில் சேர்ந்தது கண்ணாடி பொருத்துவதற்கு அல்ல, உடைந்த கண்ணாடியைக் கூட்டுவதற்கு. காரின் பின்கண்ணாடி உடையும்போது கற்கண்டுத் துண்டுகள்போல ஆயிரக்கணக்கில் உதிரும். இருக்கைத் தையலிலும் கதவின் பள்ளத்திலும் புகுந்துகொள்ளும். மற்றவர்கள் மேலோட்டமாகப் பெருக்கிவிட்டுப் போக, சித்தி கால்மிதியைத் தூக்கி அதன் அடியிலும் தேடுவார். இரண்டாண்டுகள் கூட்டினார். மூன்றாம் ஆண்டில் பழைய பசையைச் சுரண்டும் கத்தி அவர் கைக்கு வந்தது. ஐந்தாம் ஆண்டில் பசைத் துப்பாக்கியும் வந்தது. பத்தொன்பதாம் ஆண்டான இப்போது அங்கே பின்கண்ணாடி வேலை தெரிந்தவர் அவர் ஒருவரே. 'கண்ணாடியக்கா' என்றால்தான் வாசலில் காவல் இருக்கும் கேட்காரருக்கே ஆள் விளங்கும்.

அவரிடம் கோடு போட்ட ஆறு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொருத்தலுக்கும் ஒரு வரி: வரிசை எண், தேதி, எந்தக் கண்ணாடி, வெயிலா மழையா, பொருத்திய நேரம், சாவி கொடுத்த நேரம். யாரும் கேட்டு எழுதியதல்ல. வெள்ளைக் காரின் கண்ணாடி 2,716ஆவது.

அந்த இரண்டு நேரங்களும் எதற்கு என்று கேட்பவருக்கு அவர் தரும் விளக்கம் எளியது. கண்ணாடியைத் தாங்குவது பசை. பசை இறுக நேரம் வேண்டும். அதற்குமுன் காரை ஓட்டினால் குலுக்கலில் கண்ணாடி நகரும். அதைவிட மோசம், எல்லா சன்னல்களையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்துவது. உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒரு சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பார். ஸ்டியரிங்கின்மேல் டேப் ஒட்டி, எத்தனை மணி வரை வண்டியை அசைக்கக் கூடாது என்று எழுதி வைப்பார். இந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறைக் கதவு சற்றுப் பலமாகச் சாத்தப்பட்டால், "மெதுவா, கண்ணாடி விழுந்துரும்" என்று குடும்பமே சேர்ந்து சொல்லும். சமையலறைக் கதவில் கண்ணாடியே கிடையாது.

பணிமனையின் முகப்பில் ஒரு பலகை உண்டு: 'உடைந்த கண்ணாடியா? ஒரே மணி நேரத்தில் புதிது!' அதை வைத்தவர் மேலாளர். அதனால் அவருக்கு 'ஒரு மணி' என்று பெயர் வந்தது. முன்னால் 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'ஒரு மணி'. பலகை எழுதிய காலத்தில் அது பொய்யில்லை. அப்போது வாங்கிய பசை ஒரு மணி நேரத்தில் இறுகியது. போன ஆண்டு வேறு பசை வாங்கத் தொடங்கினார்கள். அதன் குழாயிலேயே நான்கு மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறது. பசையை மாற்றிய கைகளுக்குப் பலகையை மாற்ற மனம் வரவில்லை.

அன்றைக்குப் பதினொன்றரைக்கு வேலையை முடித்த சித்தி, டேப்பில் 3.30 என்று எழுதி ஒட்டினார். சாவியை ஆணிப்பலகையில் மாட்டினார். பன்னிரண்டு மணிக்கு மேலாளர் வந்து, கிடங்கில் ரப்பர் பட்டைகளை எண்ணிவிட்டு வரச் சொன்னார். அவர் எண்ணித் திரும்பியபோது கார் இல்லை.

"ஐயா, வெள்ளை வண்டி எங்க?"

"அந்தம்மா மாமனாரைக் கண்ணாஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வரணுமாம். அவசரம்னாங்க, கொடுத்துட்டேன்."

"மூன்றரைன்னு எழுதியிருந்தேனே."

"நீ எழுதுறது எல்லாம் வேதமா? போம்மா, போய் உன் வேலையைப் பாரு."

மருத்துவமனை வாசலில் மாமனாரை ஏற்றிய உதவியாளர் கதவை ஓங்கிச் சாத்தினார். ஏசிக்காகச் சன்னல்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. முதல் வேகத்தடையில் கண்ணாடி முழுதாகப் பின்பக்கம் சரிந்து இறங்கிவிட்டது. இரு கண்களிலும் கட்டுப் போட்டிருந்த மாமனார், "இன்னைக்கு ஏசி நல்லா வேலை செய்யுதே" என்றாராம். இதை நினைத்துச் சிரிக்கப் பின்னாளில் எல்லோராலும் முடிந்தது. அன்று மாலை மருந்துக்கடை அம்மா பணிமனைக்குத் தொலைபேசியில் பேசிய குரலில் சிரிப்பு ஏதும் இல்லை.

மறுநாள் காலை மேலாளர் சித்தியை அறைக்கு அழைத்து, அவருடைய பணிக்கோப்பைத் திறந்து பதினான்காம் பக்கத்தைக் காட்டினார். 'பொருத்துநரின் கவனக்குறைவு. பசை சரிவர இடப்படவில்லை. நான்கு மணி நேரக் காத்திருப்பு முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.' அதனோடு ஒரு வேலைச்சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அதில் பொருத்தி முடித்த நேரம் காலை 8.15.

"இது யாரு எழுதினது?"

"யாரு எழுதினா என்ன? கீழ ஒரு கையெழுத்து போடு. மூணு மாசம் வண்டி கழுவுற பக்கம் இரு. முதலாளி மறந்ததும் திரும்ப இங்கயே கொண்டுவந்துடறேன்."

"நான் சரியாத்தான்யா பசை போட்டேன்."

"இல்லன்னு யாரு சொன்னா? கோப்புக்கு ஒரு காரணம் வேணும்ல."

பத்தொன்பது ஆண்டு உழைத்த ஒருவரிடம், உன் வேலையில் குறையில்லை, ஆனாலும் குறையென்று நீயே ஒப்புக்கொள் என்று கேட்க ஒரு மனிதருக்கு நாக் கூசவில்லை. சித்தி எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த சித்தி வாசற்கதவை ஓங்கிச் சாத்தினார். தையல் இயந்திரத்தில் இருந்த சித்தப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டார். திருமணமாகிப் பதினேழு ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

விவரம் கேட்டபின் அவர் சொன்னது: "ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலைச்சிட்டு வாயேன். மூணு மாசம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"நீங்க தைக்கற சட்டை தையல் விட்டுப்போச்சுன்னு யாராவது கொண்டுவந்தா ஒத்துக்குவீங்களா?"

"என் தையல் ஏன் விடுது?"

"அதேதான். என் கண்ணாடி ஏன் விழுது?"

சித்தப்பா மறுபடி மிதிக்கத் தொடங்கிக்கொண்டே, "சரி, போடாதே. ஆனா கதவை மட்டும் விட்டுரு, பாவம்" என்றார்.

சித்தி கையெழுத்திடவில்லை. வேலைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. காலை எட்டு மணிக்குப் போய், கவிழ்த்த டின் ஒன்றின்மேல், கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வண்டியும் கொடுக்கப்படவில்லை. வேறு கிளையிலிருந்து ஒருவர் இரண்டு நாள் வந்து முன்கண்ணாடிகள் மட்டும் பொருத்திவிட்டுப் போனார். மேலாளர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும், "என்னம்மா, இன்னும் பசை காயலையா?" என்பார். இப்படி ஒன்பது வேலைநாட்கள்.

நான்காம் நாள், மதிய இடைவேளையில், சித்தி வாசலுக்குப் போய்க் கேட்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, அந்த வெள்ளை வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துது, ஞாபகம் இருக்கா?"

கேட்காரருக்கு ஓய்வுக்கு ஓராண்டுதான் பாக்கி. அவர் இரு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் எங்கம்மா பாத்தேன். நோட்டுதான் பாத்துது."

"'ஒரு மணி' கேட்டாரா நோட்டை?"

"வந்தாரு. வெளிய போன நேரம் பன்னிரண்டு இருபதுன்னு இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். அது போதும்னுட்டாரு." பிறகு பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்து, "எனக்கு டீக்குத் தவிக்குது. வர பத்து நிமிஷம் ஆகும். காத்துல பக்கம் புரண்டா நான் என்ன பண்ண முடியும்?" என்று எழுந்து போனார். அன்று காற்றே இல்லை.

மார்ச் 11க்கான பக்கத்தில் ஏழாவது வரி: வெள்ளைக் கார், உள்ளே 9.50, வெளியே 12.20. வெளியேறிய நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்தையும் ஐந்து நிமிடத்தையும் கழித்து 8.15 என்று எழுதியவர், வண்டி எப்போது உள்ளே வந்தது என்று பார்க்க மறந்துவிட்டார். வாசலுக்கே வராத வண்டிக்குச் சித்தி கண்ணாடி பொருத்தி முடித்திருக்கிறார், அந்தச் சீட்டின்படி. சித்தி அந்த வரியைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். மேலாளரிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் பதிவேட்டின்மேல் தேநீர் கொட்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

மார்ச் 24, திங்கட்கிழமை, மருந்துக்கடை அம்மா வந்தார். காரின் பின்புறம் இரண்டு வாரமாகப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது; புதுக் கண்ணாடி வரவேண்டும் என்று மேலாளர் தவணை சொல்லிக்கொண்டிருந்தார். டின்மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீதானா அந்தக் கைராசிக்காரி? என் மாமனார் பின்சீட்ல இருந்தாரு, தெரியுமா? கண்ணாடி உள்பக்கம் விழுந்திருந்தா ஆப்பரேஷன் பண்ண கண்ணு என்னாகியிருக்கும்?"

"நீங்க கோபப்படறது நியாயம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். ஸ்டியரிங்ல ஒரு டேப் ஒட்டியிருந்தேனே, அதை யாரு எடுத்தா?"

"டேப்பா? வண்டி எடுக்கும்போது உங்க ஐயா ஏதோ கசக்கிக் கதவுப் பையில போட்டாரு. குப்பைன்னு விட்டுட்டேன்."

"இன்னும் அங்கதான் இருக்கா?"

"நான் எங்க கூட்டினேன், அங்கேயேதான் கிடக்கும்."

இருவரும் காருக்குப் போனார்கள். ஓட்டுநர் பக்கக் கதவுப் பையின் அடியில், தூசி ஒட்டிய ஒரு டேப் உருண்டை கிடந்தது. சித்தி அதை நகத்தால் மெல்லப் பிரித்தார். மருந்துச் சீட்டுகளில் எத்தனையோ கிறுக்கல் எழுத்தைப் படித்துப் பழகிய அந்த அம்மாவுக்கு இந்த எழுத்தைப் படிக்கச் சிரமமே இருக்கவில்லை: '11.30க்குப் பொருத்தியது. 3.30 வரை அசைக்கக் கூடாது. கதவை மெதுவாகச் சாத்தவும்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். குரல் இறங்கியது. "இதை எடுத்துட்டா எங்கிட்ட வண்டியைக் கொடுத்தாரு? தாராளமா ஓட்டலாம்னு சொன்னாரேம்மா. மூன்றரைன்னு தெரிஞ்சிருந்தா ஆட்டோவுல போயிருப்பேன்." அதன்பின் அவர் மேலாளர் அறைக்கு நடந்த வேகத்தில் சித்தியே சற்று ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. போகும் வழியில் வாசலில் நின்று, "அண்ணே, நோட்டை எடுத்துட்டு வாங்க. இப்ப டீ வேண்டாம்" என்று சித்தி சொன்னார். கேட்காரர் வந்தார்.

மேலாளரின் மேசையில் டேப்பும் பதிவேடும் வேலைச்சீட்டும் அருகருகே வைக்கப்பட்டன. அவர் மூன்றையும் பார்த்தார். மருந்துக்கடை அம்மா பணிமனை முதலாளியிடம் தொலைபேசியில் பேசினார். பேசியது நான்கு நிமிடம். மேலாளர் தொலைபேசியை வாங்கி, "சரிங்க, சரிங்க" என்று ஆறேழு தடவை சொன்னார். பிறகு கோப்பைத் திறந்து, பதினான்காம் பக்கத்தின் விளிம்பைப் பிடித்தார்.

"சரிம்மா, ஏதோ தப்பு நடந்துபோச்சு. கிழிச்சிடறேன். இதோட விட்டுரு."

"கிழிக்காதீங்க."

"என்னது?"

"கிழிச்சா பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு வரும். நாளைக்கு யாராவது பாத்தா, நான் என்னமோ பண்ணி, கெஞ்சிக் கூத்தாடிக் கிழிக்க வெச்சேன்னு நினைப்பாங்க. பக்கம் இருக்கட்டும். நீங்க எழுதினதைக் குறுக்கால ஒரு கோடு போட்டு அடிங்க, படிக்கறாப்ல. கீழ நடந்ததை எழுதுங்க. உள்ள வந்த நேரம், பொருத்தின நேரம், நீங்க வண்டியைக் கொடுத்த நேரம். எழுதிட்டு நீங்க கையெழுத்து போடுங்க."

"நான் போடணுமா?"

"ஒரு கையெழுத்துதானே ஐயா."

கேட்காரருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. மேலாளர் எழுதினார். மூன்று வரிகள் எழுத இருபது நிமிடம் ஆனது. சித்தி ஒவ்வொரு நேரத்தையும் பதிவேட்டோடும் டேப்போடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே அறையை விட்டு வெளியே வந்தார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சும்மா உட்கார வைத்த ஒன்பது நாட்களைப் பற்றி அந்த மூன்று வரிகளில் ஒரு சொல்லும் இல்லை. முகப்புப் பலகை இன்றும் அதே இடத்தில் தொங்குகிறது. 'ஒரு மணி' இன்றும் மேலாளர்தான்.

மறுநாள் வெள்ளைக் கார் திரும்பி வந்தது; இரண்டு வாரம் தவணை சொன்ன கண்ணாடியும் அதற்குள் வந்திருந்தது. சித்தி பழைய பசையைச் சுரண்டி, விளிம்பைத் துடைத்து, புதுப் பசையை ஒரே இழுப்பில் சுற்றி இட்டு, கண்ணாடியை வைத்து அழுத்தினார். சன்னலை இரண்டு விரல் இறக்கினார். ஸ்டியரிங்கில் டேப் ஒட்டினார். சாவியை ஆணிப்பலகையில் மாட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். மதியம் மேலாளர் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார், பையைப் பார்த்தார், போய்விட்டார். மருந்துக்கடை அம்மா இருக்கை ஒன்றில் அமர்ந்து, மாமனாரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே காத்திருந்தார்.

ஆறாம் நோட்டின் அன்றைய வரி: எண் 2,717. மார்ச் 25. பின்கண்ணாடி. வெயில். பொருத்திய நேரம் 10.40. சாவி கொடுத்த நேரம் 2.40.