மீன் டின்னில் படுத்திருந்த போன்

செரேய்மா தன் தீவிலிருந்து தலைநகர் சுவாவுக்கு வந்து முதலில் செய்த வேலை, சாவு அறிவிப்புகளை ஒரே தாளில் அடக்குவது. கம்மிங் தெருவில் ஒரு நகலெடுக்கும் கடை. இறந்தவரின் படம், தேவாலயத்தில் பாடும் பாட்டுகள், பிரசங்கம் செய்பவர் பெயர், அதற்குக் கீழே உறவுக்காரர்கள். உறவில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பங்கள் அடுத்த சாவு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாது. தாள் பெரிதாகாது, பெயர்கள் குறையாது. எழுத்தை எவ்வளவு சுருக்கினால் வயதானவர்கள் கண்ணாடி போட்டுப் படிப்பார்கள், எதற்குமேல் சுருக்கினால் தாளை மடித்து விசிறிக்கொள்வார்கள் என்பதை அவள் அங்கேதான் படித்தாள். வேறு பள்ளிக்கூடம் அவளுக்கு வாய்க்கவில்லை.

பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். போன்களுக்கு ஆப் செய்து தருகிற சின்ன நிறுவனம். நான் நிரல் எழுதுவேன். திரையில் எது எங்கே உட்கார வேண்டும் என்பது அவள் பொறுப்பு. வந்த முதல் வாரமே பிஸ்கட் பெட்டிகளை வெட்டி அட்டைச் சட்டங்கள் செய்தாள். இந்த ஊரில் எந்தெந்த அளவில் போன் நடமாடுகிறதோ அந்தந்த அளவில் ஒரு சட்டம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெயர்: சந்தையில் மரவள்ளி விற்கிற லூசே, பேருந்து ஓட்டுகிற பிரகாசு, தேவாலயத்தில் மணியடிக்கிறவர். வரைந்த படத்தின் மேல் சட்டத்தை வைத்து நகர்த்திப் பார்ப்பாள். "லூசேக்குப் பொத்தான் தெரியல" என்று சொல்லி அழித்துவிட்டு மறுபடி வரைவாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற உறவுக்காரர்கள் வேண்டாமென்று அனுப்பிய பழைய போன்களும் அவளுடைய மேசை இழுப்பறையில் கிடந்தன. அவை எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டாள்.

வெளித்தீவுகளுக்குப் போகிற கப்பல் நிறுவனம் பயணச்சீட்டுப் பதிவுக்கு ஒரு ஆப் கேட்டபோது, அதை அவள் தன் சொந்த வீட்டு வேலை மாதிரி எடுத்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அவள் ஊர் யனுலேகா, லாவ் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. மாதம் ஒருமுறை வருகிற அந்தக் கப்பலை விட்டால் வேறு வழி இல்லை. அவளுடைய அம்மா வசேமாதாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். ஒவ்வொரு தடவையும் அந்தக் கப்பலில் ஏறித்தான் சுவா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கப்பல் நிறுவனமோ முன்கூட்டியே சொல்லிவிட்டது: இந்த வருடம் எல்லாத் தீவிலும் கப்பல் நிற்கும், அடுத்த வருடத்திலிருந்து ஆப்பில் பதிவு எங்கிருந்து வருகிறதோ அங்கே மட்டும்தான். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து, ஆள் வராத தீவுகளை எடுத்துவிடுவார்கள்.

"எங்க ஊர் கப்பல் என் கையில இருக்கு முனியண்ணே" என்று சிரித்தாள். சிரிப்பு மட்டும்தான் விளையாட்டு.

திரைக்கு அவள் வகுத்த விதி இது. திரை குறுகலாக இருந்தால் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்: கப்பல் படம், ஊர், தேதி, பெயர், கடைசியில் பச்சைப் பொத்தான். அகலமாக இருந்தால் இரண்டாகப் பிரியும்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் மற்றதெல்லாம், அடியில் பொத்தான். அகலத் திரை என்றால் துறைமுகத்தில் சீட்டுக் கொடுக்கிற பையன்கள் வைத்திருந்த டேப்லெட்தான். ஆடுகிற மிதவையில் நின்றுகொண்டு தொட்டால் பக்கம் வழுக்கி ஓடுகிறது என்று அவர்கள் புகார் சொன்னார்கள். சரி, டேப்லெட்டில் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறதே என்று, அகலத் திரையில் பக்கம் நகராதபடி ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டாள். பையன்கள் அவளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆப் வெளிவந்தது. மற்ற தீவுகளிலிருந்து புகார்கள் வந்தன, ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். யனுலேகாவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அங்கே பதிவு செய்வது ஊர்த்தலைவரின் வேலை. தலைவர் அவளுடைய சொந்த அண்ணன் அபெனிசா. அவர்கள் வழக்கத்தில் வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே பாயில் உட்காருவதுகூடக் கிடையாது. அது மரியாதை. எனவே அண்ணியிடம் போனில் கேட்டாள்.

"அண்ணி, ஆப் எப்படி இருக்கு? எல்லாரும் பதியறாங்களா?"

"ரொம்ப அழகா இருக்குடி. கப்பல் படம் எவ்வளவு நல்லா வந்திருக்கு! ஊரே பாத்துட்டுப் போச்சு."

"பதிவு ஆகுதா?"

"நீ செஞ்சது ஆகாம போகுமா?"

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளையும் கேட்டாள். "உன் பேரை ஜெபத்துல சொல்லாத நாளில்லை" என்றாள் அம்மா. அம்மாதான் கப்பலில் ஏறி வந்து கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாளே. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று செரேய்மா விட்டுவிட்டாள். எந்தத் தீவிலிருந்து எத்தனை பேர் பதிந்தார்கள் என்கிற விவரம் நேராகக் கப்பல் நிறுவனத்துக்குப் போய்விடும். எங்கள் பக்கம் புகார்கள் மட்டும்தான் வரும். "எங்க ஊர்ல இருந்து ஒரு புகார்கூட இல்ல பாத்தீங்களா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

கித்தியோனே வந்தது நவம்பரில். அவளுடைய தாய்மாமன் மகன். குவீன்ஸ்லாந்தில் பழம் பறிக்கப் போய், ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டு, அடுத்த கப்பலில் சுவாவுக்கு வந்திருந்தான். மாமன் மகன் என்றால் எங்களுக்கு எப்படியோ அவர்களுக்கும் அப்படித்தான்: வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. மதிய நேரம். நாங்கள் மரவள்ளியும் டின் மீனும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"யாருடி இங்க கம்ப்யூட்டர் மகாராணி?" என்று வாசலிலேயே கத்தினான்.

"வாடா பழம் பொறுக்கி. சாப்பிட வாசனை பிடிச்சு வந்துட்டியா?"

"உன் சமையலா? டின்னைத் திறக்கத் தெரிஞ்சதையே நான் ஊர்ல போய்ச் சொல்லணும்." உட்கார்ந்து மீனை எடுத்துக்கொண்டான். "உன் ஆப்பைப் பத்தி ஊர்ல பாட்டே கட்டியிருக்கேன் தெரியுமா? 'கப்பல் காட்டும் கண்ணாடி, ஏறச் சொல்லாது பின்னாடி.'"

"என்னடா உளர்ற?"

"உளறலா? ஊரே வரிசையில நின்னு கப்பல் படத்தைப் பாக்குது. ஆனா ஏறதுக்கு எதை அமுக்கறது?"

"பச்சைப் பொத்தான் இருக்கேடா மக்கு. அடியில."

"அடியிலயா? அடியில உங்கண்ணன் ஆணி அடிச்ச டின்தான் இருக்கு."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கித்தியோனே காலி மீன் டின்னை எடுத்து மேசையில் படுக்க வைத்தான். யனுலேகாவில் சிக்னல் வருகிற இடம் ஒன்றே ஒன்று, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சீமைப்பலா மரம். செரேய்மா ஊரில் இருந்த காலத்தில் சிக்னலே கிடையாது. இப்போது அபெனிசா ஒரு பெரிய மீன் டின்னை நீளவாக்கில் பிளந்து அந்த மரத்தில் அடித்து, மேலே மழைக்குத் தகரம் போட்டிருந்தான். தகரம் தாழ்வு. போனை நிமிர்த்தி வைக்க முடியாது. படுக்கப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கையில் எடுத்தால் சிக்னல் போய்விடும், ஆப் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

அவளுடைய இழுப்பறையிலிருந்தே ஒரு போனை எடுத்து டின்மேல் படுக்கவாட்டில் சாய்த்தான். "இப்ப பதிஞ்சு காட்டு மகாராணி."

படுத்த போன், அகலத் திரை ஆகிவிட்டது. அவள் விதிப்படியே திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கப்பல் படம், மிக அழகாக. வலப்பக்கம் ஊர், தேதி. பெயர் எழுதும் இடம் பாதி. அத்தோடு கண்ணாடி முடிந்துவிட்டது. செரேய்மா விரலால் பக்கத்தை மேலே தள்ளினாள். நகரவில்லை. நகராமல் செய்தவளே அவள்தானே. மறுபடி தள்ளினாள்.

நான் அவளுடைய அட்டைச் சட்டங்களைப் பார்த்தேன். எல்லாமே நிமிர்ந்து நின்றன. டேப்லெட் மட்டும் படுத்திருந்தது. விதி வகுத்தபோது அவள் திரையைப் பார்த்து நீ எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டிருந்தாள். எவ்வளவு உயரம் என்று கேட்கவே இல்லை.

"ஏண்டா யாரும் சொல்லல?" என்று கேட்டாள்.

"யார் சொல்றது? உங்கண்ணன் உன்கூடப் பேசலாமா? உங்கம்மா சொல்லுவாளா? ஊர்ப்பொண்ணு செஞ்ச சாமானை ஊரே குறை சொல்லுமா? சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். நான் ஆஸ்திரேலியாவுல ஸ்ட்ராபெரி பறிச்சிட்டு இருந்தேன்."

"அப்ப அம்மா எப்படி வந்தா?"

கித்தியோனே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கேப்டன் நல்ல மனுஷன். 'என் கப்பல், ஏறுங்க'ன்னு ஏத்திக்கறார். பதிவெல்லாம் இல்ல. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு ஊர்ல எல்லாரும் அவர்கிட்டச் சொல்லி வெச்சிருக்காங்க."

அவன் கேலி செய்வதை விட்டுவிட்டான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அன்று மாலைக்குள் அவள் விதியை மாற்றிவிட்டாள். உயரம் குறைந்தால் படம் மறையும், பெயரும் பொத்தானும் முதலில் வரும், பக்கம் நகரும். நான் நிரலில் சேர்த்தேன். அடுத்த நாள் காலை இருவருமாக வாலு பே துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் நிறுத்தங்களை முடிவு செய்கிற எமோசி எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மாதிரிதான் பேசினார்.

"யனுலேகாவா? ஆப் ஆரம்பிச்சதுல இருந்து அங்கிருந்து ஒரு பதிவுகூட இல்லையேம்மா. எடுத்தாச்சு. நேத்துதான் மேலிடத்துக்கு அனுப்பினேன்."

"அது ஆப்போட தப்பு சார். என் தப்பு. ஆளுங்க இருக்காங்க. பொத்தான் தெரியல."

"பொத்தான் தெரியலன்னா புகார் வந்திருக்கணுமே? மத்த தீவுல எல்லாம் வந்துதே."

"எங்க ஊர்ல சொல்ல மாட்டாங்க சார்."

எமோசிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊர்லயும்தான் சொல்ல மாட்டாங்க. ஆனா அதை நான் மேலிடத்துக்கு எழுத முடியுமா? அங்கிருந்து ஆள் ஏறினாங்கன்னு எதாவது ஆதாரம் காட்டு. ஒரு பயணி போதும். திரும்ப எழுதறேன்."

செரேய்மா வாயைத் திறந்தாள். ஒரு பயணி என்ன, மாதாமாதம் ஏறின கூட்டத்தையே அவள் பெயர் பெயராகச் சொல்லியிருப்பாள். அம்மாவின் பெயரும் அதில் உண்டு. ஆனால் பதிவில்லாத ஆளை ஏற்றினார் என்று தெரிந்தால் கேப்டனின் உரிமம் போய்விடும். அந்தக் காலத்தில் ஒரு கப்பல் மூழ்கி, ஏறினவர்கள் யாரென்றே தெரியாமல் போனதிலிருந்து அந்தச் சட்டத்தில் யாரும் விளையாடுவதில்லை. எமோசியின் ஜன்னல் வழியே கப்பல் தெரிந்தது. கேப்டன் மேல்தட்டில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாரும்மா, அடுத்த வருஷம் ஆப்புல பதிவு வந்தா பாப்போம்" என்றார் எமோசி.

"கப்பல் நிக்கற லிஸ்ட்டுல ஊரே இல்லாம எப்படி சார் பதிவு வரும்?"

அவருக்கும் அது அப்போதுதான் தோன்றியது போலிருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். "நான் என்னம்மா பண்ண?"

டிசம்பரில் போனது கடைசிக் கப்பல். அதில் வந்து சுவாவிலேயே இருந்துவிடு என்று அம்மாவிடம் கெஞ்சினாள். பாய்கள் பாதி பின்னலில் கிடக்கின்றன, அபெனிசாவின் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். புண்ணுக்குத் தீவிலிருக்கிற தாதி கட்டு மாற்றுகிறாள். அவசரம் என்றால் சின்னப் படகில் திறந்த கடலைக் கடந்து பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும். அம்மாவை அதில் உட்கார வைக்கவே முடியாது என்று தாதி சொன்னாளாம்.

செரேய்மா வேலையை விடவில்லை. படுத்த போனுக்கென்று புதிதாக அட்டைச் சட்டம் வெட்டினாள். அதன் பின்னால் எந்தப் பெயரும் எழுதவில்லை.

அந்தக் கடைசிக் கப்பலில் ஊருக்குத் திரும்பியிருந்த கித்தியோனே, பிப்ரவரியில் ஒரு நாள் அங்கிருந்து கூப்பிட்டான். போன் டின்னில் கிடந்ததால் மரத்துக்கு முன்னால் நின்று கத்தினான். எங்கள் அறை முழுக்கக் கேட்டது.

"ஏய் மகாராணி! உன் புது ஆப் எறக்கியாச்சு. இப்ப எல்லாம் தெரியுதுடி. பேரு எழுதற எடம் தெரியுது. பொத்தான் பெருசா, பச்சையா கண்ணுல அடிக்குது."

"டின்ல வெச்சுத்தான் பாத்தியா?"

"டின்லதான். உங்கண்ணனும் பக்கத்துல நிக்கறான். நல்லாயிருக்குன்னு சொல்லச் சொல்றான்."

"அமுக்கினியா?"

"அமுக்கினேன். 'இந்த ஊருக்குக் கப்பல் இல்லை'ன்னு வருது."

அந்தப் பக்கம் காற்றின் சத்தமும் கோழியின் சத்தமும் கேட்டன.

"அது ஒரே வரியில வருதா, மடங்கி வருதா?" என்று கேட்டாள்.

கித்தியோனே மறுபடி பார்த்திருக்க வேண்டும். "ஒரே வரிதான்டி" என்றான். "நடுவுல, சரியா அடங்கியிருக்கு."

"சரி" என்றாள்.