பதினான்காம் குழியில் விடுபட்ட அடி

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று வழங்குவது அவர் தொழில். மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் பயணம். ஒருமுறை பார்த்ததை மறுமுறை பாராமல் கையெழுத்திடாதவர் ஆதலால், உடன் பணிபுரிவோர் அவருக்கு ‘மறுபடி’ என்று பெயர் சூட்டியிருந்தனர். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் சான்றளித்த எந்த லிஃப்டும் ஓர் உயிருக்கும் ஊறு செய்ததில்லை. அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் அதுவே.

ஐம்பதாம் வயதில் கோல்ஃப் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றுமுதல் மட்டைப் பையும் ரயிலேறியது.

“கல்யாணமான புதுசுல என் பெட்டியத் தூக்கச் சொன்னா இடுப்பு புடிச்சுக்கிச்சும்பீங்க. இப்ப இதைக் குழந்தை மாதிரி தோள்ல போட்டுட்டுப் போறீங்க” என்றாள் மனைவி.

விடுதி அறைகளில், மாலை வேளையில், கம்பளத்தின் மேல் தண்ணீர்க் குவளையைச் சாய்த்து வைத்து அதற்குள் பந்தை உருட்டுவார். முதலாண்டில் பதினெட்டுக் குழிகளுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. அடுத்த ஆண்டு தொண்ணூற்றேழு. பிறகு தொண்ணூற்று மூன்று. ஆட்டம் தேறத் தேற அச்சமும் உடன் வளர்ந்தது. இயந்திர அறையில் நிற்கும்போது கைகள் தாமாக மட்டையைப் பிடிக்கும் பாங்கில் குவிவதை ஒருநாள் கண்டார். அன்றே மனைவியிடம் சொன்னார்: “வேலையில ஒரே ஒரு தப்பு வந்தாலும் போதும். அப்புறம் மட்டையைத் தொட மாட்டேன்.”

ஒரு சனிக்கிழமை, வெளியூர் மருத்துவமனை ஒன்றின் லிஃப்டுக்குச் சான்றளித்தார். மறுநாள் காலை, அவ்வூர் மைதானத்துப் போட்டியில் விருந்தினராக ஆடினார். இணையாக ஆடியவர் ஒரு பல் மருத்துவர். ஆட்ட முறைப்படி, ஒருவர் அடிகளை மற்றவர் குறிக்க வேண்டும். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். உள்ளதைவிடக் குறைத்துக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கம்.

“எண்பத்தொன்பது! வாயத் தெறந்து சிரிங்க சார், நான் ஃபீஸ் கேக்க மாட்டேன்” என்றார் மருத்துவர்.

தொண்ணூறுக்குக் கீழே முதன்முறை. மருத்துவர் குறித்த அட்டையை வாங்கினார். ரயிலுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. கையெழுத்திட்டுவிட்டு டாக்சியில் ஏறினார்.

வழியில், வழக்கம்போல், ஒவ்வொரு குழியாக மனத்துள் மீண்டும் ஆடினார். பதினான்காம் குழி. பந்து மணலில் புதைந்திருந்தது. ஓங்கி அடித்தார், மணல்தான் பறந்தது, பந்து அங்கேயே கிடந்தது. அந்த அடி? மருத்துவர் மரத்துக்கு அப்பால் தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் எழுதியது ஐந்து. நடந்தது ஆறு.

எண்ணாமல் கையெழுத்திட்டிருக்கிறார். மறுபடி பாராத கையெழுத்து.

அப்போதுதான் மருத்துவமனை லிஃப்ட் நினைவுக்கு வந்தது. இன்று இப்படியென்றால், நேற்று? லிஃப்டைத் தாங்குபவை ஆறு கம்பிவடங்கள். ஒவ்வொன்றிலும் அறுந்த இழைகளை எண்ணி, எண்ணியதும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இடுவது அவர் முறை. ஐந்து வடங்கள் கண்முன் தெளிவாக நின்றன. ஆறாவதை எண்ணும் வேளையில் கைப்பேசி ஒலித்தது. பல் மருத்துவர்தான், மறுநாள் ஆட்ட நேரம் சொல்ல அழைத்திருந்தார். அதற்குப் பிறகு நினைவில் ஒரே இருள்.

“வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“உடம்புக்கு முடியலையா சார்?”

“எனக்கில்லப்பா.”

லிஃப்ட் இயக்குபவர் வாயிலில் நின்றிருந்தார். உள்ளே, தள்ளுபடுக்கையில் ஓர் அம்மையார். அருகே அவர் மகள். கதவு மூடத் தொடங்கியது. ‘மறுபடி’ பாய்ந்து கையை நீட்டினார்.

“இறங்குங்கம்மா. தயவு செஞ்சு அடுத்த லிஃப்டுல போங்க.”

“நேத்துதானே சார் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க?” என்றார் இயக்குபவர். “ராத்திரி கனவுல வந்து ஏதாவது சொல்லிச்சா?”

“நிறுத்திட்டுச் சாவியக் குடுங்கண்ணே.”

மேல்மாடி இயந்திர அறைக்குள் விளக்கொளியை வடங்களின்மேல் பாய்ச்சினார். உதடுகள் தாமே ஏதோ ஒரு துதியை முணுமுணுத்தன. முதல் கோடு. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறாவதிலும் கோடு இருந்தது. அவர் இட்ட கோடுதான்.

அமைதி வரவில்லை. எண்ணிவிட்டுத்தான் இட்டாரா, பேசிக்கொண்டே கைப்பழக்கத்தால் இட்டாரா? கோட்டைத் துடைத்துவிட்டு முழந்தாளிட்டு, இழை இழையாக எண்ணினார். பழுதில்லை. மறுபடி எண்ணினார். பழுதில்லை.

மைதானத்துக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். போட்டியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். பல் மருத்துவர் தொலைபேசியை வாங்கிப் பேசினார்: “யாருமே பாக்கல சார், சொத்தைப் பல்ல நீங்களே காட்டிக் குடுக்குறீங்களே!”

பிறகு மனைவியை அழைத்தார். “ரயில விட்டுட்டேன்.” நடந்ததெல்லாம் சொன்னார்.

“தப்பு ஏதும் இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்புறம் என்னங்க, குரல் இப்படி நடுங்குது?”

“எண்ணினது எனக்கு ஞாபகமில்லம்மா. தப்பு இல்லாமப் போனது என்னாலயான்னு தெரியல.”

“ஊருக்கு வாங்க. மட்டைப் பையத் தூக்கிப் பரண்ல வைப்போம். எப்ப எறக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்.”

லிஃப்ட் மீண்டும் ஓடத் தொடங்கியது. மேல்மாடியில் இயக்குபவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏறுங்க சார், நீங்க பாத்த லிஃப்டுதானே?”

ஏறினார். தரைத்தளம் வரும்வரை தலைக்கு மேலிருந்த ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார்.