லிஃப்ட் அறையைத் திறக்காமல் ஒரு கர்னல்

லுக்ரேத்சியா வீட்டிலிருந்து குடைமிளகாய் சுடும் வாசனை வந்தால், அன்றைக்கு எங்கள் கட்டடங்களில் இணையம் கொஞ்ச நேரம் நிற்கும் என்று அர்த்தம். கர்னல், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளின் மையப் பகுதி, தொகுத்து முடிய நேரம் பிடிக்கும். அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. குளிர்காலத்துக்குப் போட்டு வைக்க வேண்டிய மிளகாயை அடுப்பில் வைத்துவிடுவாள்.

எங்கள் ஊரான திமிஷ்வாராவின் டிராம் பணிமனையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது அவள் வேலை. லினக்ஸை அகராதியும் கையுமாகத் தானே படித்துக் கற்றாள். பழக்கம் மட்டும் பணிமனைப் பழக்கம். அங்கே புது மோட்டார் முழுத் தடத்தையும் ஓடி முடிக்கும்வரை பழையதை முற்றத்தை விட்டு அனுப்பமாட்டார்கள்.

எங்களுக்கு இணையம் தருவது கம்பெனி அல்ல. எல்லாரும் சேர்ந்து ஒரு இணைப்பு வாங்கி, கூரைக்குக் கூரை கம்பி இழுத்துப் பகிர்ந்துகொண்டோம். பகிர்ந்து கொடுக்கிற கம்ப்யூட்டர், திரைகூட இல்லாத ஒரு பழைய பெட்டி. எங்கள் கட்டடத்து உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் அது இருந்தது. சாவி நிர்வாகி க்ளிகோரிடம். கோடையில் இடி விழுந்து பெட்டியின் இரண்டு நெட்வொர்க் கார்டுகளில் ஒன்று கருகியது. மூன்றாம் மாடி ஒவிடியு மேலே போய் வேறு கார்டு போட்டான். அன்றைக்கே க்ளிகோர் சொல்லிவிட்டார்:

"இன்னொரு தடவ இதுக்காக அந்தக் கதவத் தொறந்தேன்னா, பெட்டியும் கீழ வரும், கம்பியும் கீழ வரும்."

ஆனால் பெட்டியின் கர்னலை மாற்றாமலும் இருக்க முடியவில்லை. ஒருவன் படம் இறக்கினால் மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. பாதிப் பேர் கம்பெனி இணைப்புக்குப் போகிறேன் என்றார்கள். புதுக் கர்னல் வந்தால் வேகத்தை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துத் தரலாம். அதைத் தன் வீட்டிலேயே தொகுத்து, கம்பி வழியாகவே மேலே அனுப்புவது என்று லுக்ரேத்சியா முடிவு செய்தாள்.

அந்தச் சனிக்கிழமை க்ளிகோர் அவள் சமையலறைக்கே வந்து உட்கார்ந்தார். சாவியை மேசையில் வைத்தார். ஒவிடியு மிளகாய்த் தோல் உரித்துக்கொண்டிருந்தான். நான் ஜாடி கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஓடிட்டிருக்கிறத எதுக்குக் கெளறுற?"

"எங்க ஓடுது சார், நொண்டுது. இவன் ஒருத்தன் படம் எறக்குனா பாக்கி எல்லாரும் பட்டினி."

"அக்கா, வாரத்துக்கு ஒரு படந்தான்…"

"நீ தோல உரி."

க்ளிகோர் விடவில்லை. "புதுசு விழுந்துட்டா?"

"பழசு அங்கயே கெடக்கு சார். புதுசுக்கு ஒரே ஒரு தடவ எந்திரிக்கத்தான் உத்தரவு. விழுந்தா, அடுத்த தடவ எந்திரிக்கிறது பழசு."

"விழாம, ஊமை மாதிரி சும்மா உக்காந்துக்கிட்டா?"

"நல்லாக் கேட்டீங்க. எந்திரிச்சதும் அது என் மெஷின கூப்பிட்டுப் பாக்கும். பதில் வரலன்னா தன்னையே அணச்சிக்கிட்டுத் திரும்ப எந்திரிக்கும்."

மேலே அனுப்பிய புதுக் கர்னலை எழுப்ப விசையைத் தட்டினாள். மேலேயிருந்து பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில், இணையம் எங்கே என்று கேட்டுத் தொலைபேசி அடித்தது. பிறகு அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினார்கள். க்ளிகோர் சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டார். ஒவிடியு எழுந்தான்.

"அக்கா, நான் வேணா மேல போயி…"

"உக்காரு. அதுவே வரும்."

ஒரு தட்டு மிளகாய் உரித்து முடிந்தபோது திரையில் பதில் வந்தது. எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பழசு."

"அப்ப தோத்துட்ட."

"ஆளு வீடு திரும்பிட்டான்ல சார்? தோக்கல."

புதுக் கர்னல் விழித்திருந்தபோது எழுதிவைத்த குறிப்பைப் படித்தாள். எல்லாம் சரி. இரண்டு கார்டில் ஒன்றை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"ஒவிடியு, கருகுனதுக்குப் பதிலா என்ன கார்டு போட்ட?"

"சந்தையில வாங்குனது அக்கா. பச்சையா இருந்துச்சு."

"எல்லாக் கார்டும் பச்சதான்டா. மேல இருந்த சில்லு?"

"அது கறுப்பு."

க்ளிகோர் சிரித்துவிட்டார். லுக்ரேத்சியா சிரிக்கவில்லை. பழைய கர்னல் எல்லா வகைக் கார்டும் அறிந்த பொதுக் கர்னல். அவள் தொகுத்ததோ அளவெடுத்துத் தைத்த சட்டை. இருப்பதற்கு மட்டும் இடம், ஒரு நூல்கூட மிச்சமில்லை. அளவை மட்டும் இடி விழுவதற்கு முன்னால் இருந்த கார்டுக்கு எடுத்திருந்தாள்.

"கேக்காம தச்சது என் தப்பு," என்றாள். பழைய கர்னலிடமே கார்டின் பெயரைக் கேட்டு வாங்கினாள். அதைச் சேர்த்து மறுபடி தொகுக்கவிட்டு, அடுத்த தட்டு மிளகாயை அடுப்பில் வைத்தாள்.

இந்த முறை, க்ளிகோர் சாவியைக் கையில் எடுப்பதற்குள் மேலேயிருந்து பதில் வந்துவிட்டது.

"ஒவிடியு, வீட்டுக்குப் போயி படத்தப் போடு."

"நெஜமாவா அக்கா?"

"பெருசாப் பாத்துப் போடு."

அவன் படம் இறங்க இறங்க, க்ளிகோரை உட்காரவைத்து அவருடைய கால்பந்துப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். தடங்கலில்லாமல் வந்தது. அவர் முழுசாகப் படித்தார்.

"சரி, இனி பழசத் தூக்கிப் போட்டுறலாமே?"

"அது இருக்கட்டும் சார். சோறா கேக்குது? கரண்ட் போய் வந்தா இப்பவும் பழசுதான் எந்திரிக்கும். புதுசு ஒரு முழுச் சுத்து ஓடட்டும், அப்புறம் முன்னால நிறுத்துறேன்."

க்ளிகோர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுட்ட மிளகாயை ரொட்டியில் வைத்து மென்றபடி வாசல்வரை போனவர் திரும்பினார்.

"செவ்வாக்கெழம லிஃப்ட்காரன் வர்றான். எப்படியும் கதவு தொறந்திருக்கும். பெட்டி மேல ஒரே தூசி. வந்து தொடச்சிட்டுப் போ."

"வர்றேன் சார். அந்தக் கறுப்புச் சில்லையும் என் கண்ணால பாத்துடறேன்."