எஸ்றா சாரின் பொத்தான்கள்

எஸ்றா சார் முதலில் மகளிடம் மட்டும்தான் பேச்சை நிறுத்தினார். இரண்டு வருஷம் போல கழித்து எல்லோரிடமும் நின்றுபோனது. முதலாவது அவராகச் செய்தது. இரண்டாவது அவர் கையில் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால் பின்வரிசைப் பிள்ளைகள்கூடக் கிசுகிசுப்பை நிறுத்துவார்கள். குரல் அப்படி. காய்கறிக்காரரிடம் பேசினாலும் கடைசி இருக்கை வரை கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

ஒரே மகள் ஸ்டெபி. அவள் கணிதம் படித்து, பி.எட். முடித்து, தன்னைப் போல ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்வாள் என்று அவர் முடிவே செய்துவிட்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கேம் டிசைன் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"வெளையாடதுக்கு ஒரு காலேஜா?"

"வெளையாட இல்லப்பா, கத எழுத. வெளையாடுதவங்க எந்தப் பதில எடுக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரி கத மாறும்."

"கதன்னா ஒண்ணுதான். ஆளுக்கு ஒண்ணா மாறினா அது கதையில்ல, வதந்தி."

ஸ்டெபி சிரித்துவிட்டாள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. அவள் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே மனைவி சாரம்மாளைக் கூப்பிட்டு, "சாரா, அந்தப் பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தாச்சான்னு கேளு" என்பார். சாரம்மாள் திரும்பி மகளிடம் அதையே கேட்பாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இதே கதை. போகப்போக மூன்று பேருக்கும் அது பழகிவிட்டது.

அவள் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில், பிசான நெல் அறுவடை பார்க்க எஸ்றா சார் சீவலப்பேரியில் இருக்கும் தம்பியின் வயலுக்குப் போனார். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கப் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்தார். கண்டக்டர்தான் அவருடைய செல்போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்.

அந்த நேரத்தில் ஸ்டெபி கல்லூரியில், தான் செய்த விளையாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பெண் பாலத்தைக் கடக்க வேண்டும். அம்மாவின் அழைப்பு வந்தது. "அப்பா விழுந்துட்டாக, வா" என்றாள் சாரம்மாள். "சரிம்மா, வாரேன்" என்று சொல்லி ஸ்டெபி போனை வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பாலத்தின் மறுகரை வரை நடத்திக் கொண்டுபோய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்தாள். கூடப் படித்தவர்கள் அவளைத் திடமானவள் என்றார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. கால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாக இல்லை.

பக்கவாதத்தில் எஸ்றா சாருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. "நீங்க பேசுறது அவருக்குப் புரியும். மெதுவா வாசிக்கவும் செய்வார். பேச்சுதான் வராது. பயிற்சி கொடுத்துப் பாக்கணும்" என்றார் மருத்துவர். எஸ்றா சார் வாயைத் திறந்தால் "தா, தா" என்ற சத்தம் மட்டும் வந்தது. அதைக் கேட்டு அவரே திகைத்ததுபோல வாயை மூடிக்கொள்வார்.

ஸ்டெபி அந்தப் பருவத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மருந்து கொடுத்தாள், துணி மாற்றினாள், கையை நீவிவிட்டாள். எதுவும் சிரமமாக இல்லை. எதுவும் எப்படியும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, வலி என்று படங்கள். வேண்டியதை அவர் தொட்டுக் காட்ட வேண்டும். எஸ்றா சார் அதை இடது கையால் கவிழ்த்துப் போட்டார். ஏன் என்று ஸ்டெபிக்கு விளங்கியது. முப்பது வருஷம் தமிழ் நடத்தியவருக்கு யாரோ ஒரு குழந்தையின் வசனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் பழைய டேப்லெட் ஒன்றை எடுத்து, வகுப்பில் கதை எழுதப் பயன்படுத்தும் மென்பொருளிலேயே அவருக்குப் பொத்தான்கள் செய்தாள். ஒன்றை அமுக்கினால் அதற்குள் நான்கு வரும். முதலில் கணினிக் குரல் போட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவர் அனுப்பியிருந்த பழைய குரல் பதிவுகளிலிருந்து அவருடைய சொற்களையே வெட்டி எடுத்து ஒட்டினாள். அவர் அமுக்கினார். "எல்லாருக்கும் தோத்திரம்" என்று அவர் குரலே கணீரென்று வந்தது. டேப்லெட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என் குரல வச்சுப் பாரேன்" என்றாள் சாரம்மாள். "நான் என்னத்தச் சொல்லணும்?"

"அப்பா ஒன்ன எப்பவும் என்ன சொல்லுவாகளோ அதச் சொல்லும்மா."

சாரம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு செல்போனை வாயருகே பிடித்தாள். "சாரா, இது காப்பியா, கழனித் தண்ணியா?" என்றாள். "சாவிய எங்க வச்சே? வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்கா இந்த வீட்டுல?" எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் மனப்பாடம். முடித்த பிறகு, "இவ்வளவா ஏசியிருக்காக?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எஸ்றா சார் ஒரு வாய் குடித்துவிட்டு விரலை நகர்த்தினார். "சாரா, இது காப்பியா, கழனித் தண்ணியா?" என்று மனைவியின் குரல் மனைவியைக் கேட்டது.

"நல்ல காப்பிதான், குடிங்க."

அவர் மறுபடியும் அமுக்கினார். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. சாரம்மாள் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் சிரிப்பாக இல்லை. அவர் அமுக்கியதும் குரல் உடனே வருகிறதா என்று ஸ்டெபி கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ண வந்தார். ஜெபம் நீண்டுகொண்டே போனது. நடுவில், "போதும்" என்றது சாரம்மாளின் குரல். ஐயர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நானில்ல ஐயா, அவுகதான்."

ஐயர் சீக்கிரமாக ஆமென் சொல்லி முடித்தார்.

ஸ்டெபியின் ஆசிரியர் கணேஷ்ராம் இதைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதையே கடைசி ஆண்டுக்கான ப்ராஜெக்ட் வேலையாகக் கொடுக்கலாம் என்றார். "பாக்கேன் சார்" என்றாள்.

ஒரு வாரம் போனபின் சாரம்மாள் கேட்டாள். "அதுல ஒன்னப் பத்தி ஒண்ணும் இல்லையேட்டி?"

"என்னப் பத்தி என்ன?"

"அவுக ஒன்கிட்டப் பேசணும்லா. நீ படிக்கது சரிதான்னு ஒண்ணு போடு. நான் சொல்லுதேன்."

"நான் எழுதி, நீ பேசி, அப்பா அமுக்கினா அது அப்பா சொன்னதாம்மா?"

"அமுக்குதது அவுகதான?"

ஸ்டெபி இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். தனக்குப் பிடித்த பதிலை மட்டும் எழுதி வைத்தால் அது விளையாடுபவருக்குக் கொடுத்த தேர்வு ஆகாது என்று வகுப்பில் படித்திருந்தாள். ஆகவே மூன்று பொத்தான்கள் வைத்தாள். "நீ படிக்கது சரிதான்." "எனக்குப் பிடிக்கல." "வேற." மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். இரண்டாவதைச் சொல்ல சாரம்மாள் மறுத்தாள். ஸ்டெபி விடவில்லை. கடைசியில் சாரம்மாள் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பைய முணுமுணுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு டேப்லெட்டை முன்னால் வைத்தார்கள். எஸ்றா சார் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். விரல் முதல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது, தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. "வேற" என்பதை அமுக்கினார்.

திரை வெறுமையானது. அதற்குப் பிறகு என்ன வர வேண்டும் என்று ஸ்டெபி எழுதியிருக்கவில்லை. அவர் அந்த வெறும் திரையையே திரும்பத் திரும்பக் குத்தினார். "தா, தா" என்றார். ஸ்டெபி அவசரமாக எழுத்துக்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். விரல் வெகுநேரம் அலைந்து "ப" மேல் விழுந்தது. அடுத்த எழுத்தைத் தேடிப் போன கை பாதியில் தளர்ந்து மடியில் விழுந்தது.

"படின்னு சொல்லுதியளா?" என்றாள் சாரம்மாள். தலை அசையவில்லை. "பசிக்கா? பயமா இருக்கா? பாவம்னு சொல்ல வாரியளா?"

அவர் ஸ்டெபியைப் பார்த்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களில் எழுத்துப் பக்கத்தை நீட்டியபோதெல்லாம் தள்ளிவிட்டார். தண்ணீருக்கும் காப்பிக்கும் சாவிக்கும் மட்டும் பொத்தானை அமுக்கினார். அந்த "ப" என்ன சொல்லின் தொடக்கம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அவர் கை தளர்ந்த அன்று சாரம்மாள் அழுதாள். ஸ்டெபி தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஜூன் மாதம் அவள் கோயம்புத்தூருக்குத் திரும்பினாள். கடைசி ஆண்டில் வேறொரு வேலையைச் செய்து கொடுத்தாள். கணேஷ்ராம் காரணம் கேட்டார். "அது வீட்டுல இருக்கட்டும் சார்" என்றாள். முதல் வகுப்பில் தேறினாள். இப்போது அங்கேயே ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. விளையாட்டில் வழியில் எதிர்ப்படும் டீக்கடைக்காரரும் படகோட்டியும் என்ன பேச வேண்டும் என்று எழுதுகிறாள். நன்றாக எழுதுகிறாள் என்கிறார்கள்.

எஸ்றா சார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. ஊன்றுகோலோடு நடக்கிறார். சில சொற்கள் வந்திருக்கின்றன. சாரா, சரி, வேண்டாம். ஸ்டெபி என்ற பெயர் வரவில்லை. அந்த மாதிரிச் சத்தம் கஷ்டம் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னார். இருக்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெபி வந்திருந்தாள். கோயிலில் அவருக்கு இப்போது கதவோரத்தில் இடம். வேதபாடத்தை வேறு யாரோ வாசித்தார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் உட்கார்ந்தபடியே பாட்டுப்புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டார். ஸ்டெபியும் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். கொஞ்சம் முந்திவிட்டாள். அவர் அவள் விரலை எடுத்து விலக்கி, பக்கத்தைப் பழையபடி திருப்பி, அந்தச் சரணம் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையசைத்தார். அவள் புரட்டினாள்.

அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே நல்ல வெயில், நல்ல கூட்டம். அப்பாவை வேப்பமர நிழலில் நிறுத்தி, அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டெபி ஆட்டோ கூப்பிடப் போனாள்.