வரைபடத்தில் ஏறாத மாமனார் பேர்

எங்கள் அம்மா நோஃபெசிலேவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரே சொல்லும். வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே பொய்யை அரசாங்கம் அச்சடித்து வைத்திருந்தது.

1955-இல் நில அளவைக்காரர்கள் எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவளிடம், மேட்டிலிருந்த எங்கள் வீடுகளைக் காட்டி, அது யார் இடம் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் குடும்பத் தலைவர் பேர்தான் இடத்துக்கும் பேர். அது தாத்தா சிதூலியின் இடம். மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. சிதூலி என்றால் எங்கள் மொழியில் கறையான் புற்று; அம்மா புற்றைக்கூட 'மண்மேடு' என்றுதான் சொல்வாள். வெள்ளைக்காரர் பென்சிலோடு காத்து நிற்க, பதறிப்போய் அக்கரைக் குடும்பத்தின் பேரைச் சொல்லிவிட்டாள்: சோபெக்வா. வரைபடத்தில் அதுவே ஏறிவிட்டது.

பிறகு வெள்ளைக்கார அரசாங்கம், கறுப்பர்கள் அங்கே இருக்கக் கூடாது என்று எல்லோரையும் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டியது. ஆட்சி மாறி, பறிபோன நிலத்துக்கு மனுப் போடலாம் என்றதும் நான் போட்டேன். சோபெக்வா வீட்டாரும் அதே மேட்டுக்குப் போட்டார்கள். "வரைபடமே சொல்லுது, நாங்க என்ன பண்ண?" என்றார்கள் கூசாமல். மூன்று வருஷம் நான் நாயாய் அலைந்தேன். அம்மா வாயே திறக்கவில்லை.

விசாரணையன்று பெண் அதிகாரி லிந்தெல்வா அந்த வரைபடத்தை விரித்ததும் அம்மா எழுந்தாள்.

"அந்தப் பேரச் சொன்னது நாந்தாம்மா. தப்பாச் சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இத்தன நாளா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இருந்த?"

"சரியான பேரு என்னம்மா?" என்றார் லிந்தெல்வா.

"நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொல்லக் கூடாது. சாட்சி அவங்க. எனக்கும் மாமனார் இருக்காரு, கஷ்டம் புரியுது. ஆனா அவங்க வாயால வந்தாத்தான் நான் எழுத முடியும்."

அம்மா மறுபடி உட்காரப் போனாள். நாற்பது பேர் முன்னால் நான் கத்தினேன். "சொல்லித் தொலையேன்மா."

தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சிதூலி."

நிலம் எங்களுக்கே வந்தது. எங்கள் வழக்கப்படி தாத்தாவின் சமாதியில் சோள பீர் ஊற்றி விஷயத்தைச் சொல்லக் குடும்பமே கிளம்பியது. அம்மா வரவில்லை.

"அன்னைக்குச் சொல்லாம உங்கள அலைய விட்டேன். இன்னைக்குச் சொல்லி அவரு மானத்த வாங்கிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர்றது? நீ போய்ட்டு வாப்பா."

சொல்ல வைத்தவன் நான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.